ஒரே செம்பில் ஒன்பது பேர்

ஞானேந்திரன் அண்ணை செத்துப்போனதைவிட, அவர் நான் காய்ச்சிய பாலைக் குடித்துத்தான் செத்தார் என்று சனம் கதைத்ததுதான் எனக்குப் பெரிய கவலை. இப்படிச் சொன்னால் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்பீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள். அந்த எட்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் பெயர் ஜெகதீஸ்வரி. ரொக்ஸ்பரோவில் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இருக்கிறோம். இருபத்திரண்டு வருடமாக மொன்றியலில் எங்கள் சனத்துக்குச் சமைக்கிறேன். கலியாணமோ பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கோ செத்தவரின் அந்தியேட்டியோ, முதலில் மண்டபத்தைப் பிடிப்பார்கள், அடுத்ததாக என்னைப் பிடிப்பார்கள். என்னைப் பிடித்த பிறகு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய வீடும் ஒன்று உண்டு. எனக்குப் பெரிய படிப்பில்லை, பிரெஞ்சு அரைகுறை, கார் ஓடத் தெரியாது. இருந்தது இந்தக் கை ஒன்றுதான். சமைக்கிறவளின் கையில் நஞ்சு என்று ஒருதரம் பெயர் வந்துவிட்டால், அதற்குப் பிறகு அவள் என்னத்தைக் காய்ச்சி என்ன?

கலியாணம் இல்லாத நாட்களில் ஞானேந்திரன் அண்ணை வீட்டில் சமைத்தேன். அவர் கனடாவுக்கு வருமுன் பத்து வருடம் இங்கிலாந்தில் இருந்தவர். அந்தப் பத்து வருடம் அவரை விட்டு இறங்கவேயில்லை. போன மாரியில் பியர்பொன்ட்ஸில் ஆற்றங்கரையோடு ஒரு பழைய கல்வீட்டை வாங்கினார். நூறு வருடத்துக்கு முந்தி யாரோ ஓர் ஆங்கிலேய வியாபாரி தன் ஊர் நினைப்பில் கட்டியது. நாலு புகைக்கூடு, குதிரை இல்லாத குதிரை லாயம், ஏறினால் முனகுகிற மரப்படி. ஏலத்தில் ஒரு மீசைக்கார வெள்ளைக்காரனின் படத்தை வாங்கிவந்து கணப்படுப்புக்கு மேலே மாட்டினார். வருகிறவர்களிடம் "எங்கட வீட்டுப் பெரியவர்" என்று அறிமுகம் செய்துவைப்பார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைத் துரை என்றுதான் சொல்வோம். நாலு மணிக்குத் தேநீரும் வெள்ளரிக்காய் சான்ட்விச்சும் வேண்டும். அந்த சான்ட்விச்சுக்குள் ஒருவருக்கும் தெரியாமல் கொஞ்சம் சம்பல் வைத்துத் தரச் சொல்லி என்னிடம் வந்து நிற்பார்.

எல்லாம் பொறுத்தேன். ஆனால் சாப்பாட்டு மேசையில் ஒரு மணியை வாங்கி வைத்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. மணி அடித்தால் நான் வரவேண்டுமாம். முதல்நாள் அவர் அதை அடித்தபோது, முன்னறைக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"அண்ணை, இன்னொருக்கால் உந்த மணியை அடிச்சியளெண்டால் பாலுக்குள்ள நஞ்சைக் கலந்து தருவன்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும்தான். அந்தச் சிரிப்பை ஒருவரும் மறக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீடு திருத்தி முடிந்து, வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பால் காய்ச்சினோம். அதற்கு முந்தின ஞாயிறு ஒரு சாப்பாடு. அங்கேதான் துரை எழுந்து நின்று, தனக்குப் பிறகு இந்த வீடு கோயிலுக்கு என்று அறிவித்தார். பிள்ளை இல்லாத மனிதர். அதுவரை வீடு அவருடைய தங்கையின் மகன் பிரணவனுக்கு என்றுதான் எழுதியிருந்தார். உயிலை மாற்றி எழுத, பால் காய்ச்சிய பிறகு வருகிற திங்கட்கிழமை நொத்தாரிசு வருவார் என்றார். கோயில் செயலாளர் அருமைராசா அண்ணைக்கு ஆனந்தக் கண்ணீர். பிரணவன்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினான். என்ன நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.

பிரணவனை எனக்கு அவனுடைய பத்தொன்பதாவது வயதிலிருந்து தெரியும். இப்போது முப்பத்தைந்து. இங்கேயே பிறந்தவன், கணினி வேலை, கழுத்தில் ரை கட்டுவான். ஆனால் மாமன் வீட்டுக்கு வந்தால் நேரே குசினிக்குத்தான் வருவான். தாய் செத்த வருடம் முழுக்க என் சாப்பாட்டில்தான் இருந்தான். பால் காய்ச்சுகிற அன்றும் ஏழு மணிக்கே வந்து, "தாங்கோ அன்ரி, செம்பை நான் மினுக்கித் தாறன், உங்களுக்கு எவ்வளவு வேலை" என்று வெள்ளிச் செம்பை வாங்கிக்கொண்டு போனான். துரையின் தாயாருடைய செம்பு அது, வாய் விரிந்தது. பளபளவென்று கொண்டுவந்து தந்தான்.

பால் பொங்கியது. ஆறவைத்து, அந்தச் செம்பில் வார்த்தேன். ஆளுக்கொரு கிண்ணத்தில் தரலாம் என்றால் துரை விடவில்லை.

"ஒரே செம்பில எல்லாரும் குடிக்கோணும் ஜெகா. அப்பத்தான் ஒரு குடும்பம்."

ஒன்பது பேர். துரை, அவருடைய மனைவி சிவாஜினி அக்கா, பிரணவன், அருமைராசா அண்ணையும் மனைவியும், சிவாஜினி அக்காவின் தங்கையும் புருஷனும், பிறகு நானும் என் மனிசன் சண்முகலிங்கமும். செம்பு கைமாறிக் கைமாறிப் போனது. பிரணவன் குடித்தபோது பாதிப் பால் அவனுடைய நீலச் சட்டையில் கொட்டிவிட்டது. எல்லோரும் சிரித்தோம். நான்தான் ஓடிப்போய்த் துடைத்துவிட்டேன். கடைசியாகத் துரை. விருந்தாளிகளுக்குப் பிறகுதான் வீட்டுக்காரன் குடிக்கவேண்டுமாம், இங்கிலாந்துப் பழக்கம். தோல் கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, மிச்சம் முழுவதையும் குடித்தார். முக்கால் மணித்தியாலத்தில் நெஞ்சைப் பிடித்தார். அம்புலன்ஸ் வருமுன் முடிந்துவிட்டது. வந்தவர்கள் இருதயம் என்றார்கள். எழுபது வயது, நாங்களும் அப்படியே நம்பினோம்.

திங்கட்கிழமை நொத்தாரிசு முன்கதவால் வந்தார், அவருக்குப் பின்னாலேயே பொலிஸ் வந்தது. இருதயம் இல்லையாம். நஞ்சு. தோட்டக் கொட்டிலில் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன எலிமருந்துத் தகரப் பேணி ஒன்று இருந்ததாம். தூசு படிந்த தட்டில் அந்தப் பேணியில் மட்டும் தூசு இல்லையாம்.

விசாரிக்க வந்தது மடாம் பெலாஞ்சே என்கிற ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். மெதுவாகக் கதைத்தாள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். துரை அன்று விரதம், விடியவிலிருந்து அந்தப் பாலைத் தவிர வேறொன்றும் அவர் வாயில் படவில்லை என்று எல்லோரும் ஒருமுகமாகச் சொல்லியிருந்தார்கள்.

"பாத்திரங்கள் எங்கே மடாம்?"

"கழுவிவிட்டேன்."

"எப்போது?"

"அவர் குடித்த உடனே."

"உடனேயா? ஏன்?"

இதென்ன கேள்வி? பால் காய்ந்து ஒட்டினால் யார் உரஞ்சுவது? என் குசினியில் ஒரு பாத்திரமும் ஐந்து நிமிடம் கழுவாமல் கிடந்ததில்லை என்று என் உடைந்த பிரெஞ்சில் சொன்னேன். அவள் அதை எழுதினாள். செம்பை மினுக்கியது யார் என்று கேட்டாள். நானே என்றேன். வீட்டு மருமகனிடம் வேலை வாங்கினேன் என்று வெளியே தெரிந்தால் என்ன மரியாதை? அதையும் எழுதினாள். பிறகு அந்த மணிக் கதையைக் கேட்டாள். அருமைராசா அண்ணை ஒரு சொல்லும் பிசகாமல் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார்.

அவளுக்கும் ஒன்றுதான் பிடிபடவில்லை. ஒரே பால், ஒரே செம்பு, ஒன்பது பேர் குடித்தார்கள். எட்டுப் பேர் கல்லுக்குண்டாக இருக்கிறார்கள். ஒருவர் மட்டும் எப்படிச் செத்தார்? அப்படியென்றால் அவருக்கு மட்டும் யாரோ புறம்பாக எதையோ கொடுத்திருக்கவேண்டும். குசினியில் இருந்தது யார்? இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், மிகவும் அன்பாக.

என்னைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. ஊரைவிட்டுப் போகவேண்டாம் என்று மட்டும் சொன்னாள். நான் எங்கே போகிறது, பஸ்ஸிலா?

சிறை எனக்குப் பெரிய பயமாக இருக்கவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அங்கே வேறு யாரோ சமைப்பார்கள். பயம் வேறு இடத்தில் இருந்து வந்தது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று, செவ்வாய்க்கிழமை இடியப்பமும் சொதியும் செய்து மனிசனின் காரில் கொண்டுபோய்ச் சிவாஜினி அக்கா வீட்டில் இறக்கினேன். பின்னேரம் சட்டி திரும்பி வந்தது. மூடியைக் கட்டிய துணியின் முடிச்சுக்கூட அவிழவில்லை. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. குசினியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு தொலைபேசி. ஆவணியில் நடக்கவேண்டிய சாமத்தியச் சடங்குக்காரி எடுத்தாள். பிள்ளை பீட்சாதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாளாம். செயின்ட்-மிஷேலில் ஓர் அந்தியேட்டி வீட்டுக்காரர், செத்துப்போன தகப்பன் எளிமையை விரும்பினவர், ஆனபடியால் சாப்பாடே இல்லை என்றார். அந்தத் தகப்பனை எனக்குத் தெரியும். என் ஆட்டுக்கறியை மூன்றுதரம் வாங்கிச் சாப்பிடுகிற மனிதர். ஒருவர்கூட நேரே கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏசியாவது இருப்பேன்.

அருமைராசா அண்ணை மட்டும் நேரில் வந்தார். தேத்தண்ணி போடட்டோ என்றேன். இருந்த கதிரையிலிருந்து எழும்பியேவிட்டார்.

"வேண்டாம் தங்கச்சி, இப்பத்தான் குடிச்சிட்டு வாறன். நான் உம்மை ஒரு சதமும் சந்தேகப்படேல்லை. கோயில் அன்னதானத்துக்கு மட்டும் கொஞ்ச நாளைக்கு வேற ஆளைப் பாப்பம் எண்டு கமிட்டி சொல்லுது."

"கமிட்டி ஆர் அண்ணை?"

"நான்தான்."

வீட்டுக்குள் வந்தால் என் மனிசன். முப்பத்தொரு வருடமாக என் சாப்பாட்டைத் தின்று தின்றுதான் அந்த வயிறு வந்தது. புதன்கிழமை சோற்றைப் போட்டு வைத்தேன்.

"இஞ்சாரும், வயிறு ஒரு மாதிரிக் கிடக்கு. பேந்து சாப்பிடுறன்."

வியாழனும் வயிறு ஒரு மாதிரி. வெள்ளியும் ஒரு மாதிரி. சனிக்கிழமை அவருடைய காற்சட்டையைத் தோய்க்கப் போடும்போது பையிலிருந்து உருளைக்கிழங்குப் பொரியல் பைக்கற்றும், சந்தியில் இருக்கிற டெப்பனர் கடையில் சான்ட்விச் வாங்கின துண்டுகளும் வந்தன. நாலு நாளாகக் குளிர்ந்த சான்ட்விச்சில் உயிர் பிழைத்திருக்கிறார் மனிதர். துண்டுகளை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"நீங்களுமோ?"

"அது... நானும் அந்தப் பாலைக் குடிச்சனான் தானே ஜெகா. எனக்கொண்டும் செய்யேல்லை. ஆனால் பொலிஸ் சொல்லுது..."

"பொலிஸ் சொன்னால்? நான் உங்களைக் கொல்லுறதெண்டால் முப்பத்தொரு வருசம் ஏன் பாத்துக்கொண்டிருக்கிறன்?"

அவர் அதை யோசித்துப் பார்த்தார். யோசித்துப் பார்த்தாரே என்பதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை. நித்திரை போய்விட்டது, ஒரு வாய் சோறு உள்ளே இறங்கவில்லை. நான் சமைத்ததை நானே தனியாக இருந்து சாப்பிட்டால் எனக்கே ஒரு சந்தேகம் வருகிற மாதிரி இருந்தது. பாலில் ஏதும் விழுந்திருக்குமோ? நான்தான் எதையும் மாறிப் போட்டேனோ? சீனிப் பேணியைத் திறந்து திறந்து மணந்து பார்த்தேன்.

அந்த எட்டு நாளும் என்னை மனுஷியாக வைத்திருந்தது பிரணவன். ஒவ்வொரு நாளும் மத்தியானம் வந்தான். "அன்ரி, பசிக்குது" என்று செருப்பைக் கழற்றும்போதே சொல்வான். மாமன் செத்த துடக்கு என்பதால் மரக்கறிதான். புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும், சோறும் முருங்கைக்காய்க் குழம்பும். போட்டதெல்லாம் சாப்பிட்டான். இரண்டாந்தரம் கேட்டான். விரலை நக்கினான். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு குசினி வாசலில் நிற்பேன். கண் கலங்கும். கடவுள் இன்னும் கண்ணை மூடவில்லை, ஒரு பிள்ளையையாவது விட்டிருக்கிறார் என்று நினைப்பேன். அவனுக்காகவே காலையில் எழும்பினேன்.

பொலிஸ் வந்த எட்டாம் நாள் காலை மடாம் பெலாஞ்சே என்னைத் துரை வீட்டுக்குக் கூப்பிட்டாள். அன்று நடந்ததை அப்படியே திரும்ப நடத்திக் காட்டவேண்டுமாம். நாங்கள் ஒன்பது பேரும் நின்ற இடங்களில் அவளுடைய ஆட்கள் நின்றார்கள். துரையின் கதிரையில் ஒரு இளம் பொலிஸ்காரன் கூச்சத்தோடு இருந்தான். மீசைக்காரன் மேலேயிருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தான். வேறொரு செம்பில் தண்ணீர் வார்த்து அவளிடம் கொடுத்தேன்.

"நீங்கள் எல்லோரும் இதில் குடித்தீர்கள். ஒருவர் மாறி ஒருவர். இப்படி."

சொல்லிக்கொண்டே செம்பை உதட்டில் வைத்தாள். எனக்கு உடம்பு கூசிவிட்டது.

"நோ மடாம், நோ! எச்சில்!"

செம்பைப் பறித்தே விட்டேன். பொலிஸ்காரன் கதிரையிலிருந்து எழும்பினான். ஒருவர் வாய் வைத்த செம்பில் எங்கள் ஆட்களில் யார் குடிப்பார்கள்? அண்ணாந்து, செம்பை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, தொண்டைக்குள் நேரே வார்த்துக் காட்டினேன். ஒரு துளி சிந்தவில்லை. அவள் என்னைச் சர்க்கஸ்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எல்லோரும் இப்படியா?"

"எல்லோரும். அவர் மட்டும் வாய் வைத்துக் குடிப்பார். அதனாலும்தான் கடைசியாகக் குடிப்பார்."

மடாம் பெலாஞ்சே ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். "எட்டு நாளாக இதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை?" என்று கேட்டாள். கேட்டால்தானே சொல்வதற்கு? சாப்பாட்டை வாயால்தான் சாப்பிட்டோம் என்று யாராவது பொலிசுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்களா? அவர்கள் கேட்டது ஒரே செம்பில் குடித்தீர்களா என்று. ஓம் என்றோம்.

அவள் தன் கொப்பியைப் புரட்டினாள். நஞ்சு பாலில் இல்லை, செம்பின் விளிம்புக்கு அடியில், வெளிப்பக்கம் சுற்றிவர, கீழுதடு படுகிற இடத்தில் பூசியிருந்திருக்கிறது என்று மெல்லச் சொன்னாள். பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

"செம்பை மினுக்கியது நீங்கள்தான் என்று சொல்லியிருக்கிறீர்கள்."

இப்போது உண்மையைச் சொன்னால் பிரணவனின் தலையில் விழும். அவன் செய்திருக்கமாட்டான், அவனும்தானே குடித்தான்? இந்த உலகத்தில் என் கையை நம்புகிற ஒரே ஆளைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறாளே என்று அவள்மேல்தான் கோபம் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் இலக்கம் எழுதின அட்டையைத் தந்து, மத்தியானம் இரண்டு மணி வரை அந்த வீட்டில்தான் இருப்பேன் என்றாள். அதற்குப் பிறகு என்ன என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பஸ்ஸில் யன்னலோரம் இருந்துகொண்டு அவனுக்காக வாதாடினேன். அவனும்தானே குடித்தான்? குடித்தான். எப்படிக் குடித்தான்? அண்ணாந்து. சட்டை முழுக்க ஊற்றினான். ஏன் ஊற்றினான்? பழக்கம் இல்லை. பதினாறு வருடமாக என் குசினியில் தண்ணீர் குடிக்கிறான். ஒருநாளாவது அண்ணாந்து குடித்ததில்லை. "வாய் வைக்காத, வாய் வைக்காத" என்று நான் கத்தாத நாள் இல்லை, அவனுக்கென்று ஒரு கிளாசைப் புறம்பாக வைத்திருந்தேன். அப்படியானவன் அன்றைக்கு மட்டும் ஏன்? பெரியவர்கள் நிற்கிறார்கள் என்ற மரியாதையாக இருக்கும். அப்படித்தான் இருக்கும். இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கித் திரும்ப நடந்தேன்.

வீட்டுக்கு வந்து பத்து நிமிடத்தில் கதவு திறந்தது.

"அன்ரி, பசிக்குது."

புட்டைப் போட்டேன். கத்தரிக்காயைப் போட்டேன். அறைக்குள் என் மனிசன் ரீவி பார்த்துக்கொண்டிருந்தார், சாப்பிடக் கூப்பிட்டால் வயிறு ஒரு மாதிரி இருக்கும். பிரணவன் குனிந்து, ஆசையாகக் குழைத்துச் சாப்பிட்டான். ஒரு கவளத்தையாவது மணந்து பார்க்கவில்லை, தயங்கவில்லை.

"தம்பி, உனக்குப் பயமாயில்லையோ?"

"என்னத்துக்கு?"

"என்ர கைச் சாப்பாட்டுக்கு. என்ர மனிசனே தொடுறாரில்லை."

அவன் சிரித்தான். "உங்கட சாப்பாட்டில ஒண்டுமில்லை அன்ரி. எனக்குத் தெரியாதே?"

முப்பத்தொரு வருடம் என்னோடு வாழ்ந்த மனிசனுக்கு அது தெரியவில்லை. சிவாஜினி அக்காவுக்குத் தெரியவில்லை. கடைசியில் சீனிப் பேணியை மணந்து பார்த்த எனக்கே தெரியவில்லை. மொன்றியலில் அத்தனை தமிழரும் பயந்துபோய் இருக்க, இவன் ஒருவன் மட்டும் எட்டு நாளாக ஒரு துளி பயம் இல்லாமல் என் சட்டியைத் துடைத்துச் சாப்பிடுகிறான். நஞ்சு எங்கே இருந்தது என்று தெரிந்தவனுக்கு மட்டும்தான் அது எங்கே இல்லை என்றும் தெரியும்.

இன்னும் ஓர் அகப்பை புட்டைப் போட்டுவிட்டு, சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அட்டையில் இருந்த இலக்கத்தை அமத்த மூன்றுதரம் பிழைத்தது. செம்பை மினுக்கியது யார் என்று சொன்னேன். சட்டையைப் பற்றியும் சொன்னேன். மறிக்க முடியுமா என்று மடாம் பெலாஞ்சே கேட்டாள். சாப்பிடுகிறான் என்றேன்.

திரும்பி வந்தபோது அவன் என்னைப் பார்த்தான்.

"ஆரோட கதைச்சனீங்கள்?"

எனக்குப் பொய் சொல்ல வராது. ஒரே ஒரு பொய் சொல்லித்தான் இந்தக் கோலம்.

"பொலிசோட. செம்பை நீதான் மினுக்கினனி எண்டு சொல்லிப்போட்டன்."

குழைத்துக்கொண்டிருந்த கை நின்றது. எழும்பி ஓடுவான் என்று நினைத்தேன். ஓடினால் நல்லது என்றும் ஒரு கணம் நினைத்தேன். அவன் கதவைப் பார்த்தான், சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பவும் குழைக்கத் தொடங்கினான்.

"தன்ர வீடு வாசல் எல்லாம் எனக்கெண்டு சொல்லிச் சொல்லியே வளத்தவர் அன்ரி. அம்மா சாகேக்கையும் சொன்னவர். பேந்து ஒரு நாள் சாப்பாட்டில எழும்பி நிண்டு, இல்லையாம்."

"அதுக்கு?"

அவன் புட்டைக் குழைத்தபடியே இருந்தான்.

"அந்த ஆள் என்ன வேணுமெண்டாலும் செய்திருக்கட்டும். நான் உனக்கு என்னடா செய்தனான்?"

"உங்களுக்கு ஒண்டும் நடந்திருக்காது அன்ரி. ஆதாரம் இருக்காதெண்டு எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு பாத்திரத்தையும் கழுவாமல் விடமாட்டீங்கள்."

அதைக் கேட்டதும் எனக்கு உள்ளே எரிந்தது. நான் குனிந்து நின்று கழுவுவதைப் பதினாறு வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவன். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறான். என் கையால்தான் தன் கையைக் கழுவியிருக்கிறான்.

"என்ர சட்டி முடிச்சவிழாமல் திரும்பி வந்ததடா," என்றேன். "என்னை இனி ஒருத்தரும் கூப்பிடமாட்டினம். அது உனக்குத் தெரியேல்லையோ?"

"தெரியும்." அவன் தலை நிமிரவில்லை. "அதாலதான் ஒவ்வொரு நாளும் சாப்பிட வந்தனான்."

கத்தரிக்காய்ச் சட்டியில் மிச்சம் இருந்ததை வழித்து அவனுக்கே போட்டேன். அவனும் மறுக்கவில்லை. வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டபோது, அவன் கடைசிக் கவளத்தைச் சாப்பிட்டு முடித்திருந்தான். மடாம் பெலாஞ்சே உள்ளே வந்து, மேசையைப் பார்த்து, அவன் கை கழுவும்வரைக்கும் காத்து நின்றாள். அதற்காக அவளை மன்னித்தேன். அவன் செருப்பைப் போடும்போது தடுமாறினான். என் கை தன்னாலேயே நீண்டது, பிறகு இழுத்துக்கொண்டேன்.

அறையிலிருந்து வந்த என் மனிசன் வாய் பிளந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கதவு சாத்தியதும் தொலைபேசி அடித்தது. அருமைராசா அண்ணை. மடாம் பெலாஞ்சே என்னோடு கதைத்ததைத் துரை வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டாராம், தான் ஒருநாளும் நம்பவேயில்லையாம், வருகிற வெள்ளி அன்னதானத்துக்கு இருநூறு பேராம். அதை வைத்த கையோடு சாமத்தியச் சடங்குக்காரி எடுத்தாள். பிள்ளைக்குப் பீட்சா ஒத்துவராதாம்.

எல்லாம் திரும்பி வந்துவிட்டது. நான் எட்டு நாளாகக் கேட்டு அழுதது அத்தனையும் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. நான் போய், அவன் இருந்த கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

"இஞ்சாரும்," என்றார் என் மனிசன், மேசைக்கு முன்னால் வந்து அமர்ந்துகொண்டு. "இப்பத்தான் பசிக்குது. ஒரு பிடி புட்டுப் போடுமன்."

"நீங்களே போட்டுச் சாப்பிடுங்கோ."

போட்டார். பயமில்லாமல், பெரிய பெரிய கவளமாகச் சாப்பிட்டார். நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் வாய் நிறையப் புட்டோடு என் முதுகைத் தட்டினார்.

"அழாதையும் ஜெகா. சந்தோசமான நேரத்தில ஆரும் அழுவினமே?"

ஓம் என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.